ஸ்டூப் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டு உதாரணம்

2014 ஜனவரி 20, திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அது தொடங்கியது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். மூன்றாம் பாடவேளை பதினொன்று பத்துக்குத்தான் தொடங்கும்; மணியின் ஓசை அடங்குவதற்குள் ஆங்கில டீச்சர் வகுப்புக்குள் இருப்பார். ஆகவே நேரத்தில் எனக்கு ஐயமில்லை. அன்று அவர் கையில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து ஒரு சொல் வழங்கப்பட்டது. வியாழக்கிழமைக்குள் அந்தச் சொல்லின் பொருள்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். சொல்லை நடித்தும் காட்ட வேண்டும். உதாரணம் கைடு புத்தகத்திலிருந்து வரக் கூடாது, அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது டீச்சரின் நிபந்தனை.

என் பக்கத்திலிருந்தவளுக்கு ‘டான்ஸ்’ கிடைத்தது. முன்வரிசைக்காரிக்கு ‘லாஃப்’. எனக்கு ‘ஸ்டூப்’.

முதல் பொருள், தலையையும் தோள்களையும் முன்னே சாய்த்துக் குனிதல். இரண்டாவது, வயதாலோ வழக்கத்தாலோ முதுகு கூனிப்போயிருத்தல். மூன்றாவது, தன் நிலையிலிருந்து இறங்கித் தகாத ஒன்றைச் செய்தல். நான்காவது, பருந்து இரையின் மேல் பாய்ந்திறங்குதல். ஐந்தாவதாக, எங்கோ ஒரு தேசத்தில் வீட்டு வாசலுக்கு ஏறும் படிக்கட்டுக்கும் அதே பெயர். ஐந்தாவது நமக்கு வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். மற்ற நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆடவும் சிரிக்கவும் சொல் கிடைத்தவர்களுக்கு நடுவில் குனிவதற்குச் சொல் கிடைத்ததில் எனக்கு வருத்தமிருந்தது. ஆனால் நான் அதிகம் பேசாத பிள்ளை. கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு ரப்பர் தோட்டத்தின் சரிவில் இருந்தது. கருங்கல் சந்தைக்குப் போகும் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து செம்மண் பாதையில் கீழே இறங்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் மரங்களுக்குப் போய்ப் பட்டையைச் சீவி, ஒழுகும் பாலுக்குத் தேங்காய்ச் சிரட்டை வைத்துவிட்டு வருவார். பிறகு அம்மாவும் சேர்ந்து போய், நிறைந்த சிரட்டைகளைக் கவிழ்த்துப் பாலை வாளியில் எடுத்துக்கொண்டு தோட்டத்து முதலாளியின் ஷெட்டில் கொடுப்பார்கள். அங்கே அது உறைந்து, உருளையில் நசுங்கி, ஷீட்டாகும்.

முதல் பொருளுக்கு உதாரணம் அம்மாவே. அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்த வேளைகள் குறைவு. நான்காம் பொருளுக்கு எங்கள் கோழிக்குஞ்சுகளுக்கு மேலே வட்டமிடும் பருந்து. இரண்டாவதற்கு, பட்டையில் உறைந்து ஒட்டும் ஒட்டுப்பாலைச் சைக்கிளில் வாங்க வரும் கிழவர். இறங்கிய பிறகும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருப்பதுபோலத்தான் அவர் முதுகு இருக்கும். ஆக, நடித்துக் காட்டுவதும் மூன்றாம் பொருளும் மட்டுமே மிச்சம்.

நடிப்புக்கு அப்பாவிடம் போனேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி சாயா குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் குனிந்து காட்டும்படி கேட்டேன்.

“அம்மைக்கிட்ட கேளு மக்கா. குனியதுக்கு அவளாக்கும் கெட்டிக்காரி,” என்றார்.

“ஆமா, இஞ்ச எனக்கு வேற என்ன சோலி,” என்று அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள்.

இருவரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா குனிந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சொல் கையில் கிடைத்துவிட்டால் அதுவரை கண்ணில் படாதவையெல்லாம் படத் தொடங்கும். தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தால் அப்பா அதைக் கால்விரல்களால் கவ்வி, முழங்காலை மடக்கித் தூக்கி, கையால் வாங்கிக்கொள்வார். செருப்பை நின்றவாக்கிலேயே மாட்டுவார். ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக் கழுவுவார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார். ஆளே முழுதாகத் திரும்புவார். கோயில் தேர் திரும்புவதுபோல இருக்கும். கீழே கிடப்பது எதுவாயினும், “மக்கா, அத எடு,” என்பார். எடுத்துக்கொடுப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அரசர்களுக்கு அப்படி எடுத்துக்கொடுக்க ஆள் உண்டென்று படித்திருந்தேன்.

மூன்றாம் பொருளைப் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் அப்பாவின் அண்ணன். நாங்கள் அய்யா வழிக்காரர்கள். எங்கள் வழிபாட்டிடமான ஊர் நிழல்தாங்கலில் பணிவிடை செய்கிறவர் பெரியப்பா. தாங்கலில் சிலை கிடையாது. கருவறையில் ஒரு கண்ணாடி இருக்கும், இரு பக்கமும் விளக்கு எரியும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன்முன் நிற்க வேண்டும். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் நிலையிலிருந்து இறங்குதல் என்று நான் தமிழில் சொன்னதும் அவர் முகம் மாறியது. நம் முன்னோர் தலையில் துணி கட்டக் கூடாதென்று ஒரு காலம் இருந்தது என்றார். தலையில் கட்ட வேண்டியதை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதிரே பெரிய மனிதர்கள் வந்தால் வளைந்து ஒதுங்கி நிற்க வேண்டும். நம் வழியைத் தொடங்கிய அய்யா வந்துதான் அந்தத் துணியை எடுத்துத் தலையில் கட்டச் சொன்னார். கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று உன்னையே பார் என்றார்.

“குனிஞ்சு குனிஞ்சு நம்ம ஆளுகளுக்கு முதுகு வளைஞ்சே போச்சு பிள்ளே. உங்கப்பன் நிக்கத பாத்தியா? அவன் குனியமாட்டான். எங்க பாட்டனப்போலவாக்கும்.”

நான் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கலில் எல்லோருக்கும் நெற்றியில் நாமம் இடும்போது, மற்றவர்கள் பெரியப்பாவின் கைக்கு எட்டும்படி தலையைத் தாழ்த்துவார்கள். அப்பா தாழ்த்த மாட்டார். உயரமானவர் வேறு. பெரியப்பா குதிகாலை உயர்த்தி எக்கி, “ஏணி கொண்டு வரணுமாலே உனக்கு,” என்று சிரித்துக்கொண்டே நாமத்தை மேல்நோக்கி இழுப்பார். தலைப்பாகையோடு அப்பா கண்ணாடிக்கு முன் நிற்பதைப்போல அழகான காட்சி எங்கள் ஊரில் வேறெதுவும் இல்லை என்று நம்பினேன். மூன்றாம் பொருளுக்கு எதிர்மறையில் ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. என் அப்பா குனியமாட்டார். நோட்டில் அதைப் பென்சிலால் எழுதினேன். டீச்சர் எதிர்மறை வாக்கியத்தை ஏற்பாரா என்ற ஐயம் இருந்ததால் பேனாவால் எழுதவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தோட்டத்திலிருந்து வந்து, இனி மேல்தோட்டம் தனக்கு இல்லை என்றார். முதலாளி கீழ்த்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இது ஒன்றுமில்லாத செய்தியாகத் தோன்றும். ரப்பர் மரத்தில் வெட்டு நெஞ்சளவு உயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு முறையும் நூலளவு பட்டையைச் சீவுவதால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, ஆண்டுகள் செல்லச்செல்ல மரத்தின் அடியை நெருங்கும். மேல்தோட்டத்து மரங்கள் இளையவை. அங்கே நின்றபடியே வெட்டலாம். கீழ்த்தோட்டத்து மரங்களில் வெட்டு தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வந்திருந்தது. அங்கே ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் இடுப்பை ஒடித்துத்தான் ஆக வேண்டும்.

காரணம் பொங்கலன்று நடந்தது. ஆண்டுதோறும் பொங்கலுக்குத் தோட்டத்து ஆட்கள் முதலாளி வீட்டுக்குப் போவார்கள். முதலாளியின் தந்தை முற்றத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி ஆளுக்கொரு வேட்டி கொடுப்பார். எழ முடியாத முதியவர். எல்லோரும் குனிந்து வாங்குவார்கள். அப்பா முறை வந்தபோது அவர் நின்ற இடத்திலேயே கையை மட்டும் நீட்டியிருக்கிறார். முதியவரின் கை அந்த உயரத்துக்கு எட்டவில்லை. அம்மா குறுக்கே புகுந்து குனிந்து, முதியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, வேட்டியை வாங்கிக்கொண்டாள். தூண் மாதிரி நிக்கானே என்று யாரோ சொன்னார்களாம். ஊரில் பாதிப்பேர் இதை அப்பாவின் திமிர் என்றார்கள். தாங்கலைச் சேர்ந்த மறுபாதிப்பேர் மானம் என்றார்கள். இரண்டு சொற்களிலும் சேராத மூன்றாவது ஒன்று இருக்கக் கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தகப்பன்மேல் உயிரையே வைத்திருந்த முதலாளிக்கு மனம் நொந்துவிட்டது. குனிந்து பழகட்டும் என்று கீழ்த்தோட்டத்தைக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது கொடியில் அப்பாவின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. துவைத்த பிறகும் அதன் முழங்கால் பகுதிகளில் செம்மண் வட்டங்கள் போகாமலிருந்தன. குனியாமல், ஒவ்வொரு மரத்தின் அடியிலும் முட்டுக்குத்தி வெட்டியிருக்கிறார். முட்டுக்குத்தி எழுவதற்கு மரத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கே நேரம் போய்விடும். வெயில் ஏறிவிட்டால் மரம் பால் சுரக்காது. பாதி மரங்கள் வெட்டாமலேயே நின்றுவிட்டன என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அறைக்குள் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது மட்டும்தான்.

“கேட்டியளா, முதலாளிக்கிட்ட ஒரு வாக்கு சொல்லுங்க. மேலுக்கு முடியல்ல, வேணும்னு செய்யேலயிண்ணு சொல்லுங்க. அவரும் மனுசந்தானே.”

“மேலுக்கு முடியாத்தவனுக்கு எவன் மரம் குடுப்பான்?”

“அப்ப திமிர் பிடிச்சவம்ணே இருக்கட்டுமா?”

“இருக்கட்டு. திமிர் பிடிச்சவனுக்கு நாளைக்கு ஒருநேரம் மரம் கிட்டும்.”

யாரோ ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அவருக்கு மரம் கொடுப்பதைப் பற்றி இவர்கள் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். என் கவலை வேறாக இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை. நடிப்பு இன்னும் கைவரவில்லை.

அம்மா விடவில்லை. முதலாளியைப் பார்த்து மேல்தோட்டத்தைத் திரும்பக் கேட்டே ஆக வேண்டுமென்றாள். கடைசியில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா என்னைத் தனியே அழைத்துத் தலையைக் கோதிவிட்டாள். “அப்பா கூடப் போ பிள்ளே. பக்கத்துலயே நில்லு. ஏதாவது எடுக்கணும்னா எடுத்துக்குடு,” என்றாள். ஒரு பணிக்காக அனுப்பப்படுகிறேன் என்ற மிதப்போடு நான் நடந்தேன். அப்பாவின் குனிய முடியாத முதுகுக்குப் பதிலாக அம்மா என் முதுகை அனுப்பியிருந்தாள்.

முதலாளி ஷெட்டில் இருந்தார். உருளையில் இரண்டு பேர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையிலிருந்து வரும் புளித்த வாடை அங்கே எப்போதும் இருக்கும். முதலாளி தரையோடு ஒட்டிய மணைப்பலகையில் உட்கார்ந்து வெட்டுக்கத்திகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் இன்றும் எழுத மாட்டேன். எங்களைக் கண்டதும் எனக்கு வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். பிறகு தலை நிமிராமல் பேசினார்.

“உன் வெட்டு மாதிரி வெட்டு இந்த ஏரியாவுல கிடையாது. மரத்துக்கு ஒரு காயம் படாது. அதுனாலதான் இளைய மரத்த உனக்குத் தந்தேன். எங்கப்பன் கை நீட்டிட்டே இருந்தாரு. நீ பாத்துட்டு நின்ன.”

முதலாளி கத்தியைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தார்.

“எடேய், கும்பிட வேண்டாம். காலத் தொட வேண்டாம். உங்க வழியில அது இல்லண்ணா வேண்டாம். வயசானவரு தந்தா கொஞ்சம் குனிஞ்சு வாங்கப்பிடாதா? அதுல உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?”

அப்பா வாய் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும் என்பதை இப்போது எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் ஷெட்டின் தூணில் கைவைத்து நின்றார்.

முதலாளி கத்தியைச் சாணைக்கல்லிலிருந்து எடுத்து, விரலால் அதன் கூரைத் தடவிப் பார்த்து, தனக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வைத்தார். அது அப்பாவின் கத்தி. “சரி, போகட்டு. பிள்ளையும் கூட்டிட்டு வந்திருக்க. மேல்தோட்டத்துக்கே போ. கத்திய எடு,” என்றார்.

அவ்வளவுதான். மன்னித்துவிட்டார். கத்தி இரண்டடி தூரத்தில் தரையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்பா கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உருளை நின்றுவிட்டது, அதைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள். அப்பா தூணைப் பிடித்த கையை இறுக்கி, ஒரு காலைப் பின்னுக்கு நகர்த்தினார். தோள்கள் முன்னே வந்தன. இடுப்பு வரவில்லை. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்ததைக் கண்டேன். ஜனவரி மாலை, மரநிழல், வெக்கையே இல்லை. நகர்த்திய காலை மறுபடி முன்னே கொண்டுவந்து வைத்தார். பிறகு, வீட்டில் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

“மக்கா, அத எடு.”

நான் குனிந்தேன். என் கைக்கு முன்னே முதலாளியின் கை கத்தியின் மேல் இருந்தது.

“பிள்ளை வேண்டாம். அவன் எடுக்கட்டு.”

அப்பா முழுதாகத் திரும்பி, ஷெட்டை விட்டு வெளியே நடந்தார். எனக்குப் பின்னால் உருளைக்காரர்களில் ஒருவர், “ராசா நடையல்லியா போறாரு,” என்றார். இன்னொருவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. கத்தியைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த கத்தியை எடுத்துச் சாணையில் வைத்தார்.

அன்று அவர் முட்டுக்குத்தியாவது அதை எடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மரத்தின் முன்னால் மண்டியிட்டவர் ஒரு மனிதருக்கு முன்னால் மண்டியிட மறுத்தாரா, அல்லது அன்று காலை தேய்ந்த முழங்கால்கள் அதற்கும் இடங்கொடுக்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. எங்கே முடியாமை முடிந்து எங்கே மறுப்பு தொடங்கியது என்று பிரித்துக் காட்டும் கோடு எதுவும் அவர் உடம்பில் இருக்கவில்லை. ஒரு முறை கேட்டிருக்கிறேன். அவர் துண்டை எடுத்துத் தரச் சொன்னார். இரண்டாம் முறை கேட்கும் மனம் எனக்கு வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் முன்னே ஓடினேன். பாதைநெடுக என் நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது. ஒரு முதலாளியே கத்தியை எடுக்கச் சொல்லியும் என் அப்பா குனியவில்லை. பென்சிலால் எழுதிய வாக்கியத்தின்மேல் இனிப் பேனா ஓட்டலாம். அப்பா வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். அரசர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள்.

செய்தி எங்களுக்கு முன்னே ஊருக்குள் போய்விட்டிருந்தது. விளக்கு வைப்பதற்குள் பெரியப்பா ஒரு சீப்பு செந்துளுவன் பழத்தோடு வந்துவிட்டார். அப்பாவின் தோளில் தட்டி, நம் குடும்பத்து மானத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்றார். வேலை இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும் என்றார். தட்டிய ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகம் சுருங்கியது. பெரியப்பா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அம்மா அடுக்களையில் பாத்திரத்தைத் தரையில் வைத்த ஓசை சற்று அதிகமாக இருந்தது.

“அத்தான், உங்க தம்பி உறங்கி எத்தன நாளாச்சுண்ணு கேளுங்க,” என்றாள் உள்ளிருந்தபடியே.

“மானமுள்ளவனுக்கு உறக்கம் வராது,” என்றார் பெரியப்பா. அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு அப்பாவும் அம்மாவும் அறைக்குள் இருந்தார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. அப்பா நடு அறையில் கால்களைச் சேர்த்து நின்று, இரண்டு கைகளையும் தரையை நோக்கித் தொங்கவிட்டிருந்தார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்திருந்தாள். இன்னும், இன்னும் கொஞ்சம் என்றாள். அப்பாவின் விரல்கள் அவர் முழங்காலைத் தாண்டவில்லை. அம்மா தன் கையைத் தரையிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போய், கடைசியில் அவர் விரல்களைத் தொட்டாள். தொட்ட இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு, அங்கிருந்து தரைவரைக்குமுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. ஓசை வராததால் சிரிக்கிறாள் என்று முடிவுசெய்தேன். எனக்காகத்தான் இருவரும் ‘ஸ்டூப்’பை நடித்துப் பழகுகிறார்கள் என்று மகிழ்ந்து, அவர்களைத் தொந்தரவு செய்யாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த நோய்க்குப் பெயர் உண்டு என்பது நான் பிளஸ் டூ படிக்கும்போது மருத்துவக் கல்லூரியில் தெரிந்தது. இளவயது ஆண்களுக்கு முதுகில் தொடங்குமாம். படுத்தால் வலிக்கும், எழுந்து நடமாடினால் குறையும். வேலைசெய்தால் குறைகிற வலியை எங்கள் பக்கத்தில் யாரும் நோய் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அம்மாகூட முதலில் வாயுப் பிடிப்பு என்றுதான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் எல்லோருக்கும் முன்னால் அப்பா தோட்டத்துக்குப் போனதை ஊர் சுறுசுறுப்பு என்றது. பாயில் கிடக்க முடியாமல் எழுந்து போயிருக்கிறார். மருத்துவர் அப்பாவைக் குனியச் சொன்னார். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மூங்கில் கழியாகிவிட்டன என்றார். தொடக்கத்திலேயே வந்திருந்தால் மாத்திரையும் உடற்பயிற்சியும் இருந்தன, ஏன் இத்தனை ஆண்டுகள் வரவில்லை என்று அம்மாவிடம் கேட்டார். எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கழி இப்போது வளைந்துவிட்டது. நேராக ஒட்டியது எப்படி வளைகிறது என்று கேட்டேன். கழுத்துவரை ஏறியபோது முன்னே சாய்த்தபடி ஒட்டிக்கொண்டது என்றார்கள். அப்பா இப்போது தம் கால்பெருவிரல்களைப் பார்த்தபடி நடக்கிறார். தாங்கலுக்குப் போவதில்லை. தலைப்பாகை கட்டினாலும் கண்ணாடியில் அவர் முகம் அவருக்குத் தெரியாது. அகராதி தொகுத்தவர்கள் முதல் பொருளையும் இரண்டாம் பொருளையும் மூன்றாம் பொருளையும் எண் போட்டுத் தனித்தனியே நிறுத்தியிருந்தார்கள். நான் இலக்கியம் படிக்க வந்த பிறகு அந்த ஒழுங்கை மதிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்த எண்கள் இல்லை. உடம்பின் முதல் பொருளை மூன்றாவதாக வாசித்தே நாங்கள் ஒரு மனிதரை முடித்துவிட்டோம். அதில் முதலாளிக்கும் பெரியப்பாவுக்கும் எனக்கும் வேறுபாடு ஒன்றே: முதலாளி கோபத்தோடு வாசித்தார், நாங்கள் ஆசையோடு.

இதில் எதுவும் தெரியாமல் அந்த வியாழக்கிழமை காலை நான் கண்விழித்தேன். வெயில் உள்ளே வந்திருந்தது. அப்பா பாயில் கிடந்தார். பகல் வெளிச்சத்தில் அப்பா படுத்திருப்பதை அதற்குமுன் நான் கண்டதில்லை. அவர் ஒருக்களித்துப் புரண்டு, ஒரு கையைச் சுவரிலும் மறு கையை அம்மாவின் தோளிலும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். நெடுநேரம் ஆயிற்று. வேலை இல்லாத நாளில் யாரும் அவசரமாக எழுவதில்லை என்று நினைத்தேன்.

“இன்னைக்கு அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துல விடுவாங்களா?” என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். “போயிட்டு வாங்க. நடந்தா கொஞ்சம் இளகிக் குடுக்கும்,” என்றாள்.

அதுவரை அப்பா என்னைப் பள்ளியில் கொண்டுவிட்டதில்லை. அந்த நேரங்களில் அவர் தோட்டத்தில் இருப்பார். மற்றப் பிள்ளைகள் தகப்பன்மார் கைபிடித்து வருவதைப் பார்த்து எனக்கு ஏக்கம் உண்டு. முதலாளி வாழ்க என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். பாதை முழுக்க அவர் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நடந்தேன். நான்கு பொருள்களையும் உரக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும், “கொள்ளாம்,” என்று மெச்சினார்.

பள்ளி வாசலில் என் ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. அங்கே நின்றிருந்த தகப்பன்மார் பலர் குந்தி உட்கார்ந்து தம் பிள்ளைகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா என் காலைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அவர் கை என் கையிலிருந்து மெல்ல விலகி, அருகிலிருந்த மதில் கம்பியைப் பிடித்தது. ஒரு கால் பின்னே போயிற்று.

“வேண்டாம்ப்பா,” என்றேன் அவசரமாக. இத்தனை பேர் பார்க்க என் அப்பா குனிவதா? நானே உட்கார்ந்து நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினேன். எழுந்தபோது அவர் கம்பியை இன்னும் விடவில்லை. அவர் கண்கள் சிவந்து நிறைந்திருந்தன. வெயில் கூசுகிறது என்று எண்ணிக்கொண்டு, டாட்டா காட்டிவிட்டு, எனக்கு எல்லா உதாரணமும் கிடைத்துவிட்டது என்று டீச்சரிடம் முதலில் சொல்வதற்காகத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.